பதினேழு யாரிடம்?

அட்டை டீச்சர் உயிரை விட்ட வகுப்பறையிலேயே புது டீச்சருக்கு முதல் பாடவேளை விழுந்தது. எட்டாம் வகுப்பு, கணக்கு.

இரண்டு டீச்சர்களுக்கும் உறவு உண்டு. அட்டை டீச்சர் புது டீச்சருடைய கணவரின் அக்கா. கல்யாணம் வேண்டாம் என்று தம்பி வீட்டிலேயே இருந்துவிட்டவர். புது டீச்சர் அவரை அண்ணி என்று கூப்பிட்டாள். ஒரே வீட்டில் இரண்டு கணக்கு டீச்சர்கள் இருந்தால் ஒரே உறையில் இரண்டு கத்தி மாதிரிதான். சண்டை கிடையாது. ஆனால் ஒருத்தி பாதை இன்னொருத்திக்கு ஒத்துவராது.

புது டீச்சருக்குக் கணக்கு என்றால் கரும்பலகை, சாக்பீஸ், பயிற்சி. அண்ணிக்கோ அட்டை. தம்பி போட்டோக்களுக்குச் சட்டம் போடும் கடை வைத்திருந்தார். படத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே வைக்கிற தடித்த அட்டையில் வெட்டி மிஞ்சிய துண்டுகளை அண்ணி ஒன்று விடாமல் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார். அவை பின்னங்களைச் சேர்க்கும் சீட்டுகளாகும், சுழற்றிவிட்டு நிகழ்தகவு பார்க்கும் சக்கரமாகும், பிரித்தால் சிலுவையாகவும் மடித்தால் கனசதுரமாகவும் ஆகும். துணி மாட்டும் கொக்கியில் இரண்டு குவளைகளைக் கட்டி சமன்பாட்டுக்குத் தராசு செய்திருந்தார். சாப்பாட்டு மேஜையில் தட்டு வைக்க இடம் இருக்காது.

"விளையாடிக்கிட்டே இருந்தா பாடம் எப்ப அண்ணி முடியும்?" என்று புது டீச்சர் கேட்பாள்.

"பாடத்தை முடிச்சுக்கட்டவா வேலைக்குப் போறோம்?" என்பார் அண்ணி, கத்தரிக்கோலை நிறுத்தாமல்.

ஒரு நாள் முற்பகலில் பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. இவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. வகுப்பில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், அப்படியே சாய்ந்துவிட்டார் என்றார்கள். இதயம் அந்த நிமிஷமே நின்றுவிட்டது, முன்னாடியே கூட்டி வந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார் டாக்டர்.

அதற்குப் பிறகு வீட்டில் அந்த மேஜையை யாரும் தொடவில்லை. பாதி வெட்டிய அட்டை, மூடி திறந்த பேனா, இரும்பு அடிக்கோல் எல்லாம் போட்டது போட்டபடி கிடந்தன. இரண்டு பேரும் சமையலறைத் திட்டில் நின்றுகொண்டே சாப்பிடப் பழகிக்கொண்டார்கள். ஊரிலுள்ளவர்கள் வீட்டுப் படங்களுக்கெல்லாம் சட்டம் போடுகிற மனிதர், சொந்த அக்காவின் படத்துக்குப் போடவில்லை. சொந்தக்காரர்கள் கேட்டால், "அளவு சரியா அமையலை" என்று சொல்லிவிடுவார்.

இன்னொரு பள்ளியில் வேலை பார்த்துக்கொண்டிருந்த புது டீச்சரை அண்ணியின் பள்ளித் தலைமையாசிரியை கூப்பிட்டு, நடு வருஷத்தில் ஆள் கிடைக்கவில்லை, நீங்களே வரமுடியுமா என்று கேட்டார். கணவரிடம் சொன்னாள். மறுநாள் காலையில் அவர் செருப்பை மாட்டிக்கொண்டே, "யாரோ போறதுக்கு நீ போ" என்றார்.

அப்படித்தான் வந்தாள். அட்டை டீச்சர் தன் நாத்தனார் என்று பிள்ளைகளிடம் சொல்ல வேண்டாம் என்று தலைமையாசிரியை கேட்டுக்கொண்டார். அவளுக்கும் அது நல்லதாகவே பட்டது.

வகுப்பில் நுழைந்ததும் அவள் கவனித்தது நாற்காலி இல்லாததை. மேஜை இருந்தது. அதன் வலப்பக்கம், சிமெண்டுத் தரையில் நாலு கால் தேய்ந்த தடம் மட்டும் இருந்தது. அலுவலக உதவியாளரிடம் கேட்டபோது, "வேற கொண்டாரேன் டீச்சர்" என்று ஒரு முக்காலியைக் கொண்டுவந்து, சொல்லாமலே மேஜைக்கு இடப்பக்கம் வைத்துவிட்டுப் போனார்.

பிள்ளைகள் நல்ல பிள்ளைகள். எழுந்து நின்று வணக்கம் சொன்னார்கள், சொன்னதை எழுதினார்கள், வீட்டுப்பாடம் தவறாமல் செய்தார்கள். சத்தம் மட்டும் இல்லை. பழைய பள்ளியில் இப்படி ஓர் அமைதி கிடைத்திருந்தால் கோயில் கட்டிக் கும்பிட்டிருப்பாள். இங்கே அது வேறு மாதிரி இருந்தது. கிணற்றில் கல்லைப் போட்டால் ஒரு சத்தமாவது வரும். இவர்களிடம் எதைக் கேட்டாலும் அடி தெரியாத பள்ளத்தில் போட்ட மாதிரிப் போனது.

கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினால் எல்லாக் கண்களும் அவளுக்குக் கொஞ்சம் பக்கத்தில் பார்த்துக்கொண்டிருக்கும். யாரோ தோளுக்குப் பின்னால் நிற்கிற மாதிரி அவளும் சட்டென்று திரும்பிப் பார்ப்பாள். தேய்ந்த தரைதான் இருக்கும். பலகைக்கு வருகிற பிள்ளைகள் யாரும் அந்த இடத்தில் கால் வைக்க மாட்டார்கள். குறுக்கே நடந்தால் தூரம் குறைவு. ஆனாலும் உட்கார்ந்திருக்கிற ஒருவரைச் சுற்றிக்கொண்டு வருவதுபோல ஒதுங்கி, வளைந்து வருவார்கள். சுவரோரம் அண்ணியின் அலமாரி. பூட்டுத் தளர்ந்திருந்ததால் மின்விசிறி வேகமாகச் சுற்றினால் கதவு மெல்லத் திறந்துகொள்ளும். உள்ளே ஏதோ ஓர் அட்டை சரிகிற சத்தம் வரும். அப்போது வகுப்பே மூச்சை இழுத்துப் பிடிக்கும். எழுந்து போய் மூடுகிறவர் யாரும் இல்லை.

மூன்றாவது வரிசையில் ஜன்னலோரம் ஒரு பெண். கூட இருப்பவர்கள் அவளை ரேடியோ என்று கூப்பிட்டார்கள். ரேடியோ என்று பெயர் வாங்கினவள் வாயையே திறப்பதில்லை. பெயர் கூப்பிட்டால் கையைத் தூக்குவாள். கேலிக்கு வைத்த பெயர் போல என்று புது டீச்சர் நினைத்துக்கொண்டாள்.

ஒரு சாயங்காலம் சமையலறைத் திட்டில் டீயை வைத்துக்கொண்டு கணவரிடம் பேச்செடுத்தாள்.

"அண்ணியோட அட்டைகளை எடுத்து நடத்திப் பார்க்கலாமான்னு இருக்கு."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "உனக்குத்தான் அதுல நம்பிக்கை கிடையாதே."

"இப்பவும் பெருசா இல்லை. ஆனா பசங்க என்னைப் பார்க்கவே மாட்டேங்கறாங்க. நான் அங்கே இருக்கறதே அவங்களுக்குத் தெரியலை."

அவர் மேஜைப் பக்கம் பார்க்காமல் பேசினார். "பச்சை அட்டைதான் கடைசியா வெட்டிக் கொடுத்தது. நாலு முனையையும் மழுக்கச் சொன்னா. பிள்ளைங்க கையில குத்தும்னு." டம்ளரை மறுபடி எடுத்துக்கொண்டு, "அதை எடு. அது எட்டாம் வகுப்புக்குத்தான்" என்றார்.

மறுநாள் அவள் அலமாரியைத் திறந்து பச்சை அட்டைப் பெட்டியை எடுத்தாள். மூடியில் 'சங்கிலி ஆட்டம்' என்று அண்ணியின் உருண்டைக் கையெழுத்து. ஆட்டம் அவளுக்குத் தெரிந்ததுதான். அட்டைக்கு ஓர் எண், ஒரு கேள்வி. ஒரு பிள்ளை தன் எண்ணைச் சொல்லி, கேள்வியைப் படிக்கும். விடை யார் அட்டையில் இருக்கிறதோ அந்தப் பிள்ளை எழுந்து, தன் எண்ணைச் சொல்லி அடுத்த கேள்வியைப் படிக்கும். இப்படியே கைமாறி கைமாறி வகுப்பைச் சுற்றி, ஆரம்பித்தவரிடமே வந்து நிற்கும்.

அட்டைகளைக் கலைத்து ஆளுக்கொன்றாகக் கொடுத்தாள். கடைசிப் பிள்ளைக்குச் சரியாக வந்து முடிந்தது. பிள்ளைகள் அட்டையைத் திருப்பிப் பார்த்தார்கள். பிறகு ஒருவரும் எதுவும் பேசாமல் எழுந்து, வரிசைக்கு வரிசை போய், அட்டைகளை மாற்றிக்கொள்ள ஆரம்பித்தார்கள்.

"என்ன பண்றீங்க? கொடுத்ததை வெச்சுக்குங்க."

"இது அவனோடது டீச்சர்," என்றாள் முதல் வரிசைப் பெண்.

"யாரோடதும் இல்லை. எல்லாம் ஒண்ணுதான்."

"இல்லை டீச்சர். என்னோடது அவகிட்ட இருக்கு."

அவள் விட்டுவிட்டாள். இவ்வளவு நாளில் அவர்கள் தாங்களாக ஒன்று செய்கிறார்களே, கெடுப்பானேன் என்று தோன்றியது. மாற்றி முடித்து உட்கார்ந்தார்கள். முதல் வரிசைப் பெண் யாரும் சொல்லாமலே எழுந்தாள்.

"என்னிடம் இருபது இருக்கிறது. யாரிடம் இதில் கால் பங்கு இருக்கிறது?"

"என்னிடம் ஐந்து இருக்கிறது. யாரிடம் இதன் வர்க்கம் இருக்கிறது?"

"என்னிடம் இருபத்தைந்து இருக்கிறது..."

புது டீச்சர் அசந்துபோனாள். ஊமைக்கோட்டான்களாக உட்கார்ந்திருந்த பிள்ளைகளா இவர்கள்? கேள்வி முடிவதற்குள் அடுத்தவன் எழுந்துவிடுகிறான். அந்த மூலையிலிருந்து இந்த மூலைக்கு, முன்வரிசையிலிருந்து கடைசி பெஞ்சுக்கு எண்கள் பறந்தன. பார்க்கப் பார்க்க அவளுக்கும் சந்தோஷம் தொற்றிக்கொண்டது. அண்ணி, நீங்க சொன்னது சரிதான் போல என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். பிள்ளைகளின் முகத்தில் சந்தோஷம் இல்லை என்பது அவளுக்கு அப்போது தெரியவில்லை. மலையிலிருந்து உருண்டு வருகிற கல்லைப் போல, நிறுத்த முடியாமல் அவர்கள் போய்க்கொண்டிருந்தார்கள்.

ரேடியோவின் முறை வந்தது. எழுந்தாள்.

"என்னிடம் ஒன்பது இருக்கிறது," என்றாள். அவள் குரலைப் புது டீச்சர் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டாள். "யாரிடம்... இதன் இருமடங்கைவிட ஒன்று குறைவான எண் இருக்கிறது?"

யாரும் எழவில்லை.

"பதினேழு," என்றாள் புது டீச்சர். "பதினேழு யார்கிட்ட இருக்கு? அட்டையைப் பாருங்க. யாரோ தூங்கறீங்க."

ஒருவரும் தங்கள் அட்டையைப் பார்க்கவில்லை. எல்லோரும் மேஜைக்கு வலப்பக்கத்துத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காத்திருந்தார்கள். மின்விசிறி சுற்றியது. அலமாரிக் கதவு தானாகத் திறந்து நின்றது. பதில் இதோ வந்துவிடும், யாரோ வாயெடுத்துவிட்டார்கள் என்று புது டீச்சருக்கே ஒரு கணம் தோன்றியது.

முன்வரிசையில் ஒரு பிள்ளை தேம்பியது. ரேடியோ அட்டையைக் கவிழ்த்து வைத்துவிட்டு வெளியே நடந்தாள்.

குழாயடியில் போய் நின்றவளைப் புது டீச்சர் பின்தொடர்ந்து பிடித்தாள். என்ன ஆச்சு என்று கேட்டாள். அந்தப் பெண் தண்ணீரைத் திறந்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பின்னாலேயே கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் வந்தான். வளர்த்தி அதிகம் என்பதால் எல்லோருக்கும் அவன் ஒட்டகம்.

"அவளைக் கேக்காதீங்க டீச்சர். நான் சொல்றேன்," என்றான்.

சொன்னான். அட்டை டீச்சர் சாய்ந்த அன்றைக்கும் பச்சை அட்டைதான். சங்கிலி ஆட்டத்தில் அட்டை டீச்சரும் ஓர் அட்டை வைத்துக்கொண்டு விளையாடுவார். ஒருத்தன் கையில் ஸ்டாப்வாட்ச் இருக்கும், போன தடவையைவிடச் சீக்கிரம் முடிக்கவேண்டும் என்று வகுப்பே துடிக்கும். ரேடியோ கேட்ட கேள்விக்குப் பதில் டீச்சரிடம் இருந்தது. டீச்சர் சொல்லவில்லை.

"அவங்க எப்பவும் அப்படித்தான் டீச்சர். எங்களை வெறுப்பேத்தறதுக்கு வேணும்னே பேசாம உக்காந்திருப்பாங்க. நாங்க கத்துவோம். கடைசியிலதான் சொல்வாங்க. அன்னிக்கும் அப்படின்னுதான் நினைச்சோம்." அவன் குழாயை மூடினான். "நேரம் ஓடுது டீச்சர், நேரம் ஓடுதுன்னு கத்தினோம். எல்லாரும் சிரிச்சோம்."

"எவ்வளவு நேரம்?"

"தெரியாது டீச்சர். வாட்சை யாரும் நிறுத்தலை."

புது டீச்சர் நேரே தலைமையாசிரியை அறைக்குப் போனாள். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

"பேசப் பேசப் புண்ணு ஆறாதுன்னு பெத்தவங்க நினைச்சாங்க. நானும் சரின்னேன். நாற்காலியை எடுத்துட்டோம். சின்னப் பிள்ளைங்க, மறந்துடுவாங்க."

"மறக்கலை மேடம். நாற்காலி இருந்த இடத்தைச் சுத்திப் போறாங்க. ஆட்டத்தை அவங்க இன்னும் முடிக்கலை."

"உங்களுக்கும் இது துக்கம்தான். நான் புரிஞ்சுக்கறேன். ஆனா அந்தப் பெட்டியை மறுபடி திறக்காதீங்க."

வீட்டுக்கு வந்து அவள் கணவரிடம் எதையும் சொல்லவில்லை. பேய் என்றால் உருவத்தோடு வரும் என்று நினைத்திருந்தாள். ஓர் எண் வந்து தோளில் ஏறிக்கொள்ளும் என்று நினைக்கவில்லை. பஸ்ஸின் நெற்றியில் பதினேழு இருந்தது. புரட்டிய பக்கம் பதினேழாக இருந்தது. கடைத்தெருவில் ஒரு கதவு இலக்கத்தைப் பார்த்துவிட்டு, ஏன் நின்றோம் என்று தெரியாமல் நின்றாள். அண்ணியின் காதில் கடைசியாக விழுந்தது அந்தக் கேள்விதானா? பதில் வாய்வரை வந்ததா? அட்டை கையில்தான் இருந்திருக்கும். அது எங்கே போயிற்று என்பது யாருக்கும் தெரியாது. ஆஸ்பத்திரியில் கைக்கடிகாரத்தைக் கொடுத்தார்கள், மூக்குக் கண்ணாடியைக் கொடுத்தார்கள். அட்டையை யார் கவனிக்கப் போகிறார்கள்?

வாரக் கடைசி கழிந்து வந்த முதல் நாள், அவள் வகுப்புக்குள் வந்து முக்காலியைத் தூக்கினாள். மேஜையைச் சுற்றிக் கொண்டுபோய் அந்த நாலு தடத்தின் மேல் வைத்தாள். பிள்ளைகள் பேயறைந்த மாதிரிப் பார்த்தார்கள். அவள் உட்கார்ந்தாள். யார் மடியிலோ உட்காருகிற மாதிரி ஒரு கூச்சம்.

"உங்க அட்டை டீச்சர் எனக்கு அண்ணி," என்றாள். "என் வீட்டுக்காரரோட அக்கா. நாங்க ஒரே வீட்டுல இருந்தோம். இதை உங்ககிட்டே முன்னாடியே சொல்லியிருக்கணும்."

ஒரு சலசலப்பு எழுந்து அடங்கியது. அவள் பச்சைப் பெட்டியைத் திறந்து நீட்டினாள், அவரவர் அட்டையை அவரவர் எடுத்துக்கொண்டார்கள்.

"நீங்க வெச்சிருக்கற பச்சை அட்டையெல்லாம் என் வீட்டுக்காரர் வெட்டிக் கொடுத்ததுதான். அன்னிக்கு என்ன நடந்ததுன்னு எனக்கு இப்பத்தான் தெரியும். இந்த ஆட்டத்தை முடிச்சுடலாம்னு நினைக்கறேன். வேண்டாம்கறவங்க வெளியே போய் உக்காரலாம். யாரும் திட்ட மாட்டாங்க."

ஒருவரும் போகவில்லை. அவள் ரேடியோவைப் பார்த்தாள். "நீ கேக்க வேண்டாம்னா அட்டையை வேற யார்கிட்டயாவது கொடு."

ரேடியோ தலையசைத்தாள். கொடுக்கமாட்டேன் என்றுதான் அர்த்தம்.

முதல் வரிசைப் பெண்ணின் இருபதில் தொடங்கியது. இந்தத் தடவை யாரும் அவசரப்படவில்லை. ஒவ்வொருவரும் எழுந்து, பொறுமையாகப் படித்துவிட்டு உட்கார்ந்தார்கள். ரேடியோ எழுந்தாள்.

"என்னிடம் ஒன்பது இருக்கிறது. யாரிடம் இதன் இருமடங்கைவிட ஒன்று குறைவான எண் இருக்கிறது?"

புது டீச்சர் முக்காலியில் உட்கார்ந்தபடி, அந்த மௌனம் மறுபடி வந்து வகுப்பில் நிறைவதைக் கேட்டாள். இரண்டு தடவை வாயைத் திறந்து மூடினாள். பிள்ளைகளின் முகம் வெளிறுவதைப் பார்த்ததும்தான் குரல் வந்தது.

"என்னிடம் பதினேழு இருக்கிறது."

யாரோ நீளமாக மூச்சு விட்டார்கள்.

"ஆனா அடுத்த கேள்வி என்கிட்ட இல்லை," என்றாள். "அட்டை தொலைஞ்சுபோச்சு. இங்கேருந்து யார்கிட்ட போகணும்னு எனக்குத் தெரியலை."

கடைசி பெஞ்சில் ஒட்டகம் எழுந்தான். "எனக்குத் தெரியும் டீச்சர். என்கிட்டதான் வரணும்."

"எப்படிச் சொல்றே?"

"என்னை யாரும் கேக்கலை டீச்சர். ஒவ்வொருத்தர் கேள்வியையும் நான் விசாரிச்சேன். எல்லாரோட எண்ணும் யாராவது ஒருத்தர் கேள்விக்குப் பதிலா வருது. என் எண் மட்டும் எந்தக் கேள்விக்கும் பதிலா வரலை. அப்ப என்னைக் கேக்க வேண்டியது டீச்சர்தான்." அவன் அட்டையைத் தூக்கிக் காட்டினான். "மைனஸ் நாலு. அன்னிக்கு என் முறைக்குத்தான் நான் காத்துக்கிட்டிருந்தேன்."

அவள் எழுந்து கரும்பலகையில் ஒரு பக்கம் பதினேழும், கொஞ்சம் தள்ளி மைனஸ் நாலும் எழுதினாள். நடுவே இடம் விட்டாள். "இங்கேருந்து அங்கே எப்படிக் கேட்டிருப்பாங்க?"

"இதிலிருந்து இருபத்தொண்ணைக் கழிச்சா யாரிடம்னு," என்றான் ஒருவன்.

"சே, அட்டை டீச்சர் அவ்வளவு சுலபமாவா கேப்பாங்க?" என்றாள் இன்னொருத்தி. "ஒண்ணைக் கழிச்சு, வர்க்கமூலம் எடுத்து, அதுக்கு எதிர் எண். அப்படித்தான் இருக்கும்."

"அவங்களுக்குக் கதை சொல்லணும். பதினேழு டிகிரியில இருந்த ஊரு, ராத்திரி இருபத்தொரு டிகிரி இறங்கிடுச்சு. போர்வை யாரிடம் இருக்குன்னு கேட்டிருப்பாங்க."

யாரோ சிரித்தார்கள். சிரித்த பிள்ளை பயந்து வாயைப் பொத்திக்கொண்டது. புது டீச்சர் சாக்பீஸை நீட்டி, "இதையும் எழுது" என்றாள். பலகைக்கு வந்து எழுதினார்கள். இருபத்தைந்தைக் கழித்துப் பாதியாக்கு என்றார்கள், ஒன்று குறைத்து மைனஸ் நாலால் வகு என்றார்கள். ஒருத்தன் போட்டது தப்பாக மைனஸ் ஐந்தில் போய் நின்றது. நாலு பேர் சேர்ந்து அதைத் திருத்தினார்கள். இரண்டு எண்களுக்கு நடுவே விட்ட இடம் போதாமல் பலகையின் கீழ்வரை எழுதினார்கள். எது அட்டை டீச்சரின் கேள்வி என்று மட்டும் கடைசிவரை முடிவாகவில்லை. ஒருத்தருக்கொருத்தர் விட்டுக்கொடுக்கவும் இல்லை.

"இருக்கட்டும்," என்று சொல்லி அவள் ஒட்டகத்தைப் பார்த்தாள்.

"என்னிடம் மைனஸ் நாலு இருக்கிறது," என்று அவன் படித்தான். படித்த பிறகு சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். சங்கிலி நகர்ந்தது. ஒவ்வொருவராக எழ எழ, அது முதல் வரிசைப் பெண்ணின் இருபதில் வந்து முட்டியது. மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை.

மதிய இடைவேளையில் ரேடியோ ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள். புது டீச்சர் வெளியே வந்தாள்.

"நாங்க உடனே போய்ச் சொல்லியிருந்தா பொழைச்சிருப்பாங்களா டீச்சர்?"

பொய் சொல்வது சுலபம். அவளுக்கு அது நாக்கு நுனிவரை வந்தது.

"முன்னாடியே கூட்டிட்டு வந்திருந்தாலும் ஒண்ணும் ஆகியிருக்காதுன்னு டாக்டர் சொன்னார்," என்றாள். "உண்மையாவே அப்படியா, எங்களைத் தேத்தறதுக்குச் சொன்னாரான்னு எனக்குத் தெரியாது. நான் அதை நம்பறேன். நீங்க தப்பு பண்ணினீங்கன்னு எங்க வீட்டுல ஒரு நாளும் யாரும் நினைச்சதில்லை. அது மட்டும் நிச்சயமாத் தெரியும்."

அந்தப் பெண் போகத் திரும்பி, மறுபடி நின்றாள். பிறகு, "நான் கேட்டதும் என்னைப் பார்த்துச் சிரிச்சாங்க டீச்சர்," என்றாள். "வேற யாரும் பார்க்கலை. அதுக்கப்புறம்தான் தலை சாஞ்சுது. சிரிச்சாங்களே, விளையாடறாங்கன்னு நினைச்சேன். இதை நான் யார்கிட்டயும் சொல்லலை."

அன்று சாயங்காலம் அவள் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். ஆட்டம், ஸ்டாப்வாட்ச், சிரித்த பிள்ளைகள், தரையிலிருந்த தடம். கடைசியில், "எப்படிச் சிரிச்சாளாம்?" என்று மட்டும் கேட்டார்.

"தெரியலை. அதை நான் கேக்கலை."

"அந்தப் பொண்ணை நான் ஒரு தடவை பார்க்கலாமா?"

தலைமையாசிரியை முதலில் மறுத்தார். ரேடியோவின் அம்மா வந்து, முந்தின நாள் வீட்டில் மகள் பேசினாள், அழுதாள், மறுபடி பேசினாள், பார்க்கட்டும் என்று சொன்ன பிறகுதான் சரி என்றார்.

அவர் கடையைப் பூட்டிவிட்டு, தோய்த்த சட்டையைப் போட்டுக்கொண்டு, யாரோ பெரிய அதிகாரியைப் பார்க்க வருகிறவர் போல வந்தார். வகுப்புக்கு வெளியே தாழ்வாரத்தில் ஒரு பெஞ்சு. ஒரு முனையில் அவர், இன்னொரு முனையில் அந்தப் பெண், நடுவில் அவள் அம்மா. புது டீச்சருக்குப் பாடவேளை இருந்தது. உள்ளே போய்ப் பலகையில் எழுத ஆரம்பித்தாள்.

முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு ஒரு முணுமுணுப்பு, அதற்கு அவர் போடுகிற 'உம்'. பிறகு அந்தப் பெண்ணின் குரல் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. அட்டை டீச்சர் எப்படி வகுப்புக்குள் வருவார், எதற்குக் கோபப்படுவார், தப்பாகச் சொன்னால் என்ன செய்வார் என்று ஒன்று மாற்றி ஒன்றாகச் சொல்லிக்கொண்டே போனாள். யார் பேச்சைச் சொன்னாலும் அவர்கள் குரலிலேயே சொல்கிற வழக்கம் அவளுக்கு. அதனால்தான் ரேடியோ என்று பெயர் என்பது புது டீச்சருக்கு அப்போதுதான் புரிந்தது. ஏனென்றால் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அண்ணியின் குரல், அந்த லேசான மூக்கொலி, வார்த்தையை இழுத்து முடிக்கிற அந்தச் சுகம், அப்படியே கேட்டது.

"இன்னும் கொஞ்சம் யோசி. யாரும் உன்னை விரட்டலையே."

சாக்பீஸ் பலகையிலேயே நின்றது. பிள்ளைகள் தலையைத் தூக்கினார்கள். ஒருவரும் அசையவில்லை. பயந்த மாதிரியும் தெரியவில்லை.

வெளியே பேச்சு நின்றது. சட்டம் போடுகிறவர் ஏதோ சொல்ல முயல்வது கேட்டது. பெஞ்சு கிறீச்சிட்டது. தொண்டையைச் செருமிக்கொண்டு, "அப்புறம்?" என்று கேட்டார்.

அந்தப் பெண் சொல்ல ஆரம்பித்தாள்.